மாத்திரையோடு ஒரு வார்த்தையும் கொடுங்கள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்கும், மருந்து ஜன்னலில் உட்காரும் அண்ணனுக்கும், நர்ஸ் சகோதரிகளுக்கும், நோயாளர் நலச் சங்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் கடலூரில் பெண்ணையாற்றை ஒட்டிய பகுதியில் குடியிருக்கும் தையல்காரி. 68 வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒரு தடவை உங்களிடம் வருகிறவள். எந்த நிலையம் என்று இதில் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மேலேயிருந்து ஒரு மெமோ வரும். அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவைப் பிழைக்க வைத்த நர்ஸ் தலையில்தான் விழும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். இரண்டு பத்தி படித்தாலே நம்ம கதைதான் என்று உங்களுக்குப் புரிந்துவிடும். வேறு நிலையத்துக்காரர்களும் தங்கள் கதை என்று நினைத்துக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்த காலத்தில் அவருடைய சுகர் மாத்திரைக்கு மெடிக்கலில் கடன் சொல்லித்தான் வாங்குவோம். தீபாவளி நேரத்தில் நாலு பிளவுஸ் கூடுதலாகத் தைத்தால் அந்தக் கடன் அடையும். இன்றைக்கு அம்மாவுக்கு ஒரு பைசா செலவில்லாமல் மாத்திரை கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு, முட்டி வலியால் அம்மா நடக்க முடியாத மாதங்களில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வந்திருக்கிறது. வந்த பெண் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். இதையெல்லாம் மறைத்துவிட்டுக் குறை மட்டும் பேசினால் என் நாக்கு அழுகிவிடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா ஒரு பொழுது. காலையில் காப்பி, மத்தியானம் கோயிலில் ஊற்றிய கூழ் ஒரு சொம்பு, ராத்திரி பசிக்கவில்லை என்று ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். ஆனால் மாத்திரையை விடவில்லை. விரதத்தை விட்டாலும் மாத்திரையை விடாத ஜாதி என் அம்மா.

பத்து மணிக்கு மிஷினை மூடிவிட்டு உள்ளே போனேன். அம்மாவின் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, செத்துப்போன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உலை கொதிக்குது, அரிசி போடலியா?" என்று கேட்டார். ஆடி வெள்ளி வேறு, கேட்க வேண்டுமா? பக்கத்து வீட்டு ஆயா திருநீறு எடுக்க ஓடினார். எனக்கு என்னவோ சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று தோன்றியது. கரைத்து வாயருகே கொண்டுபோனதும் ஒருத்தர் டம்ளரைப் பிடுங்கினார். "சுகர்காரிக்குச் சர்க்கரையா, கொல்லப் பாக்குறியா?" எனக்கும் அது சரிதானோ என்று பயம் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆட்டோவில் போட்டு உங்களிடம் கொண்டுவந்தோம். ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சுகர் 46. அம்மாவால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினார். அதற்குள் அம்மா என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் டம்ளரைப் பிடுங்கியவர் வாசலில் நின்றுகொண்டு தரையையே பார்த்தார்.

அப்புறம் அந்த நர்ஸ் எங்கள் மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தார். ஒரு அட்டையில் இளஞ்சிவப்பு மாத்திரை, போன மாதத்து மிச்சம். இன்னொரு அட்டையில் பச்சை மாத்திரை, மூன்று நாள் முன்னால் வாங்கியது. இரண்டும் ஒரே மருந்து, சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு. கம்பெனி வேறு, நிறம் வேறு. அம்மா சொன்னார், "புதுசா ஒண்ணு சேத்துக் குடுத்துருக்காங்கன்னு நெனச்சேன்." மூன்று நாளாக இரண்டையும் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாப்பாடும் இல்லாமல் போனதும் கவிழ்த்துவிட்டது.

இந்தக் கடிதம் அதற்குப் பிறகு அந்த நர்ஸ் எனக்காக ஒதுக்கிய ஐந்து நிமிஷத்தைப் பற்றியது. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, உளறல் வரும். கருவியைத் தேடிக்கொண்டிருக்காதே, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடு. கால் மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு தரம் கொடு. தெளிந்த பிறகு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வை. நினைவு இல்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும், 108-க்குப் போன் போடு. கண்ணாடி மாதிரி இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

அம்மா ஒன்பது வருஷமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த ஐந்து நிமிஷம் ஒன்பதாவது வருஷத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு, சாகப் பிழைக்கக் கிடந்த பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. என் வருத்தம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

நிறம் மாறியதற்கு யாரையும் குற்றம் சொல்லவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் ஏற்பட்டதிலிருந்து, மருந்தை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்கு வழியாக உங்களுக்கு அனுப்புகிறது. கம்பெனி மாறினால் அட்டை மாறும், சமயத்தில் மாத்திரையின் நிறமும் மாறும். எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பதே அப்படி மலிவாக மொத்தமாக வாங்குவதால்தான் என்பதும் புரிகிறது. ஆனால் அட்டையில் இருக்கும் பெயர் இங்கிலீஷில். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு நிறம்தான் எழுத்து. "ரோஸ் கலர் ராத்திரிக்கு, வெள்ளை பெருசு ரெண்டு வேளைக்கு" என்றுதான் ஒன்பது வருஷமும் ஓடியது. நிறத்தை மாற்றுகிற அன்றைக்கு ஜன்னலில் இருக்கிறவர், "பாட்டி, இது பழைய ரோஸ் மாத்திரைதான், கலர் மாறியிருக்கு, பழசு மிச்சம் இருந்தா அதை முடிச்சிட்டு இதை ஆரம்பிங்க" என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்? நான் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ஏழெட்டு விநாடி.

ஜன்னல் அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பாடு எனக்குத் தெரியும். ஒரு நாள் என் டோக்கன் 87, அப்போதும் எனக்குப் பின்னால் வரிசை கேட் வரைக்கும் நின்றது. கம்பிக்குப் பின்னால் நீங்கள், இந்தப் பக்கம் பிள்ளை அழுகை, ஃபேன் சத்தம், முன்னால் ஒருத்தர் "என் மாத்திரை எங்கே" என்று சண்டை. இதில் நின்று யாருக்கு என்ன விளக்க முடியும்? ஆனாலும் ஒன்று பாருங்கள். மாத்திரைச் சீட்டில் நீங்கள் 1-0-1, அதாவது காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை, கொஞ்சம் எண் மட்டும் தெரிந்த எங்கள் தெரு அம்மா ஒருத்தர் "நூத்தியொண்ணு" என்று படித்தார். ரூம் நம்பர் என்று நினைத்து நூற்றியொன்றாம் ரூமைத் தேடியிருக்கிறார். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு, அவர் அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிட்டார் என்று யாருக்குமே தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கத்தரிக்கோல். பத்து மாத்திரை அட்டையை ஐந்து ஐந்தாக வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு பாதியில் போய்விடுகிறது, இன்னொரு பாதி மொட்டையாக வருகிறது. வெட்டுவது என் தொழிலும்தான். ஒரு பிளவுஸ் பிட்டு வாங்கினால்கூட அளவும் பெயரும் வாங்கின தேதியும் துண்டுச் சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்தாமல் நான் அலமாரியில் வைக்க மாட்டேன். கழுத்து இறக்கம் அரை இஞ்ச் தப்பினால் சண்டைக்கு வருவார்கள், அவ்வளவுதான். மாத்திரையில் தப்பினால் சண்டைக்கு வர ஆள் இருக்காது.

லேப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்கிறீர்கள். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. விளைவு என்னவென்றால் ஒரு பாதி ஜனம் எச்சில்கூட விழுங்காமல் மயங்கிப்போய் வருகிறது. இன்னொரு பாதி, "சக்கரை போடாத காப்பிதானே" என்று குடித்துவிட்டு வருகிறது. காப்பி குடித்தவர்களை மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறீர்கள். ஒரு நாள் கூலி போச்சு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்துக்கு அதைவிட வேடிக்கை நடக்கும். டெஸ்டில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் ஒரே ஒரு இட்லி தின்பார்கள். மாத்திரையைப் போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் விட்டுவிட்டும் வருவார்கள். வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி. லேப் கதவில் இந்த ஒரு வரியைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டினால் போதும். இப்போது அந்தக் கதவில் "செல்போன் பேசாதீர்" மட்டும்தான் இருக்கிறது.

டாக்டரம்மா, உங்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். ஆனால் "உப்பைக் குறைங்க" என்று சொன்னீர்களே, அம்மா வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பைக் குறைத்தார், நான்கூட மெச்சிக்கொண்டேன். பக்கத்தில் தட்டில் என்ன தெரியுமா? முதுநகரில் வாங்கி வந்த நெத்திலிக் கருவாடு. "அது மீன்தானே" என்கிறார். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இருக்கிற வீட்டில் அந்த டீஸ்பூன் காலைச் சாப்பாட்டிலேயே காலி. கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு உப்பைப் பற்றிப் பேசினால் கருவாட்டின் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். அதேபோலப் பண்ருட்டிப் பலா வருகிற மாசத்தில் "பழமே கூடாது" என்று ஒரே வெட்டாக வெட்டினால், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், உங்களிடம் பொய்தான் சொல்வார்கள். அம்மா சொல்லியிருக்கிறார், நான் பக்கத்தில்தான் நின்றேன். எத்தனை சுளை, எப்போது, எதற்குப் பதிலாக என்று சொல்லிப் பாருங்களேன். உண்மை வெளியே வரும்.

அடுத்தது "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க". இந்த ஊரில் அதைக் கேட்டால் எங்களுக்கு மூன்று திசை தெரியும். மஞ்சக்குப்பத்தில் தலைமை மருத்துவமனை. வடக்கே பாண்டிச்சேரிக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கோரிமேட்டில் ஜிப்மர். தெற்கே சிதம்பரம் தாண்டினால் அண்ணாமலைநகரில் பழைய ராஜா முத்தையா, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எதற்கு, எந்தப் பிரிவுக்கு, எந்தக் கிழமையில், என்ன கையில் கொண்டுபோக வேண்டும்? எங்கள் தெருவில் கால் புண்ணோடு இருந்த ஒரு அண்ணனுக்கு இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. வாய்வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்டதற்கு "வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு" என்று சொல்லியிருக்கிறார். மறுபடி எல்லா டெஸ்டும் முதலிலிருந்து. ஒரு பரிந்துரைச் சீட்டு, அதில் நோயும் மருந்தும் கடைசி டெஸ்ட் ரிசல்ட்டும் நாலு வரி இருந்திருந்தால் அந்த மனுஷனுக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அதே அண்ணனுக்கு இன்சுலினும் உண்டு. ஒரு தடவை ஊசி தீர்ந்துபோய் வெளிக்கடையில் வாங்கினார். உங்கள் மருந்து 40 யூனிட் குப்பி, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி. கடைக்காரர் கொடுத்தது ஆரஞ்சு மூடி, 100 யூனிட் குப்பிக்கு உள்ளது. 20 என்ற கோடு வரைக்கும் இழுத்துக் குத்திக்கொண்டிருந்தார். உள்ளே போனது 8 யூனிட்தான். சுகர் ஏன் இறங்கவில்லை என்று அவரும் நீங்களும் ஒரு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். குப்பியும் மூடியும் பொருந்த வேண்டும் என்று முதல் நாளே காட்டிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும். அதை நினைக்கவே எனக்கு வயிறு கலங்குகிறது.

வெள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2011 தானே புயல், 2015 மழை எல்லாம் பார்த்த ஊர் இது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து பெண்ணையாறு பொங்கியபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மிஷின் மோட்டார் போச்சு, தைக்க வந்த துணி போச்சு, அம்மாவின் சுகர் நோட்டும் கூழாகிவிட்டது. முகாமுக்கு வந்த மருத்துவக் குழு, "என்ன மாத்திரைம்மா?" என்று கேட்டபோது நாங்கள் திருதிருவென்று முழித்தோம். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் ஒரு ஆட்டோக்காரர். அதை ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே நீங்கள் சொல்லியிருக்கலாம். இந்த வருஷம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று பிரஷர் மாத்திரையை நாங்களே நிறுத்திவிடுகிறோம். வெளியில் நாட்டு மருந்து சாப்பிடுவதை உங்களிடம் மறைக்கிறோம். நீங்கள் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் மாடு மாதிரித் தலையாட்டுகிறோம். பெரிய படிப்புப் படித்தவரிடம் புரியவில்லை என்று சொல்ல வெட்கம். ஆகவே "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்று கேளுங்கள். அந்த நர்ஸ் அம்மாவிடம் அப்படித்தான் கேட்டார். அம்மா முதல் தடவை தப்பாகச் சொன்னார், இரண்டாவது தடவையும் தப்பு, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

நோயாளர் நலச் சங்கத்துப் பெரியவர்களே, நான் பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. மாத்திரை போட, சூரியன், உச்சி வெயில், நிலா என்று படம் அச்சடித்த காகித உறை வாங்குங்கள். சுகர், பிரஷர் பார்க்கும் நாளில் மட்டும், மருந்து வாங்கிவிட்டு வெளியே வருகிறவர்களுக்காக வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டு, பயிற்சி கொடுத்த ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். அட்டையைப் பிரித்துக் காட்டி, இது எப்போது, அது எதற்கு என்று சொன்னால் போதும். கம்பி ஜன்னலில் நடக்காத காரியம் மரத்தடியில் நடக்கும். இன்னொன்று, டிபி, வெள்ளைப்படுதல் மாதிரி விஷயங்களை வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி கூப்பிட்டுக் கேட்க வேண்டாம் என்று எல்லாரிடமும் ஒரு தடவை சொல்லிவையுங்கள். வெட்கப்பட்டு வராமலே போன பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

உறை அச்சாகி வரும் வரைக்கும் என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். கடையில் மிச்சம் விழும் வெட்டுத் துணியில் மாத்திரைப் பை தைக்கிறேன். மூன்று அறை. காலைக்கு மஞ்சள் துணி, மத்தியானத்துக்கு வெள்ளை, ராத்திரிக்குக் கருநீலம், அதில் வெள்ளை நூலில் ஒரு பிறை. அட்டையை வெட்டாமல் அப்படியே செருகலாம். அம்மா இரண்டு மாதமாக அதைத்தான் வைத்திருக்கிறார். கோயிலுக்குப் போனாலும் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார், போகிற இடத்தில் நாலு பேரிடம் பிரித்தும் காட்டுகிறார். இதுவரை பதினொன்று தைத்திருக்கிறேன். அடுத்த தடவை அம்மாவோடு வரும்போது கொண்டுவருகிறேன். மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டி வைக்க ஒரு ஆணி மட்டும் அடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் ஒரு மகள்
கடலூர்